சென்னையின் கடைசி எட்டு ஆட்டங்கள் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

சென்னையின் எஃப்.சி. இரண்டு முறை ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்துக் கோப்பையை வென்ற அணி. நீங்களோ ஃபைனலில் தோற்ற 2019-20 சீசன்தான் ரொம்பப் பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை. பாதி சீசனுக்கு மேல் சொதப்பிவிட்டு, கடைசி நேரத்தில் நாலாவது இடத்தைப் பிடித்து பிளே-ஆஃப் போனது அதிர்ஷ்டம்தானே? கோச்சை மாற்றினால் எந்த அணியும் கொஞ்ச நாளைக்கு நன்றாகத்தான் ஆடும். சீசன் முழுக்க ஆடி முதலிடம் பிடித்த கோவாவுக்கு இது அநியாயம் இல்லையா?

– வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சொதப்பினார்கள் என்பது உண்மை. முதல் நாலு ஆட்டத்தில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆறு ஆட்டம் முடிந்ததும் கோச் ஜான் கிரிகரி விலகினார், டிசம்பரில் அவர் இடத்துக்கு ஓவன் கோய்ல் வந்தார். நீங்கள் சொல்கிற அந்தப் 'புது கோச் வேகம்' அப்போது பெரிதாக வரவே இல்லை. அவருடைய முதல் நாலு ஆட்டத்தில் ஒரு வெற்றி, ஒரு டிரா, இரண்டு தோல்வி. ஜனவரி தொடக்கத்தில் ஒடிசாவிடம் தோற்றபோது பத்து ஆட்டத்தில் ஒன்பது புள்ளி. முந்தைய சீசனில் 18 ஆட்டம் ஆடி கடைசி இடத்தில் முடித்தபோதும் அதே ஒன்பதுதான்.

அதற்குப் பிறகு வந்தவைதான் அந்த எட்டு ஆட்டங்கள். ஆறு வெற்றி, இரண்டு டிரா, இருபது புள்ளி. தோல்வியே கிடையாது. ஒன்றிரண்டு வெற்றி அதிர்ஷ்டத்தில் வரலாம், ஒன்றரை மாதம் நிற்குமா?

ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். மாறியது ஆடிய விதம். புள்ளிப் பட்டியலில் கீழே கிடக்கும் அணி வழக்கமாக என்ன செய்யும்? பின்னால் ஆட்களைக் குவித்து, ஒரு டிராவாவது தேறுமா என்று பார்க்கும். கோய்ல் அணியை முன்னால் தள்ளினார். முன்னால் நின்று கோல் அடிக்கும் வால்ஸ்கிஸுக்குப் பின்னால் கிரிவெல்லாரோ, பக்கங்களில் செம்ப்ரியும் சாங்தேயும். நடுவில் ஓடி ஓடி அடைத்தவர்கள் அனிருத் தாபாவும், முந்தைய ஆண்டு சென்னை சிட்டி என்ற வேறொரு அணியோடு ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீகை வென்ற எட்வின் வான்ஸ்பாலும்.

கேரளா பிளாஸ்டர்ஸோடு ஆடிய பிப்ரவரி 1 கொச்சி ஆட்டம் கிடைத்தால் அந்த முதல் கோலை மட்டும் பாருங்கள். கேரள கோல்கீப்பர் தன் ஆளுக்குத் தட்டிவிட்ட பந்து கிரிவெல்லாரோவிடம் போய்ச் சேர்கிறது. ஏனென்றால் அவர் அங்கே நிற்கிறார்! எதிரணியின் கோல் பெட்டிக்குப் பக்கத்திலேயே காவல் காத்தால்தான் அப்படி ஒரு பந்து கிடைக்கும். இடைவேளைக்குள் 3-0, கடைசியில் 6-3. அவர்களுடைய ஒக்பேச்சே ஹாட்ரிக் அடித்தும் கேரளா தோற்றது. மூன்று வாங்கினாலும் ஆறு அடிப்போம் என்ற அந்தத் துணிச்சலுக்காகத்தான் இந்த சீசனைத் தூக்கிவைத்துப் பேசுகிறேன்.

அப்புறம் கொல்கத்தாவில் ஏ.டி.கே.வை 3-1. அடுத்து மும்பை. நாலாவது இடத்துக்கு நேரடிப் போட்டி, அதுவும் அவர்கள் மைதானத்தில். மும்பைக்கு 26 புள்ளி, நமக்கு 25. எண்பது நிமிடம் தாண்டியும் கோல் இல்லை. கடைசியில் அடித்தவர் டிஃபெண்டர் லூசியன் கோயான், ஒருகாலத்தில் மும்பைக்கே கேப்டனாக இருந்தவர். 1-0. இடம் உறுதியானது.

கோவா விஷயத்துக்கு வருகிறேன். முதலிடத்துக்கான ஷீல்டு அவர்களுக்குத்தான் கிடைத்தது, ஏ.எஃப்.சி. சாம்பியன்ஸ் லீக் இடமும் அவர்களுக்கே. நியாயமான பரிசு. முதல் நாலு இடம் பிடிக்கும் அணிகள் கோப்பைக்காக பிளே-ஆஃப் ஆடும் என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்த விதி. அந்த விதி இல்லாவிட்டால் ஜனவரியோடு பாதி அணிகளுக்கு ஆட வேலையே இருந்திருக்காது. அரையிறுதியில் சென்னையில் 4-1, கோவாவின் மைதானமான ஃபடோர்டாவில் 2-4, மொத்தம் 6-5. இரண்டு ஆட்டத்தில் ஆறு கோல் போட்டு கோவாவைத் தாண்டிய அணியைக் குறுக்குவழியில் வந்ததாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஃபைனல் மார்ச் 14, கொரோனாவால் ரசிகர்கள் இல்லாத மைதானத்தில். ஏ.டி.கே. 3-1 என்று வென்றது. அன்றைக்கு சென்னை முன்னால் ஏறி ஆடியதால் பின்னால் விழுந்த ஓட்டைகளை அவர்கள் சரியாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். வருத்தம்தான். ஆனால் அப்படி முன்னால் ஏறி ஆடாமல் அணி அங்கே வந்தே இருக்காது.

கோய்லுக்கு பிளே-ஆஃப் புதிதும் இல்லை. 2009-ல் இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீகில் ஐந்தாவதாக முடித்த பர்ன்லியை பிளே-ஆஃப் வழியாகத்தான் பிரீமியர் லீகுக்கு ஏற்றினார். சீசன் முழுக்க ஆடி முதலிடம் பிடிக்க முடியுமா என்பதுதானே உங்கள் கேள்வியின் சாரம்? சென்னையை விட்டு ஜாம்ஷெட்பூர் போனவர், 2021-22-ல் அங்கே அதே ஷீல்டை வென்றார்.