முகூர்த்த மாலையைப் பத்திரப்படுத்த: கேள்வி பதில்

காட்பாடி: நாளை மறுநாள் தங்கச்சி கல்யாணம். ரோஜா மாலையை ரெசினில், அதான் ஊற்றினா கண்ணாடி மாதிரி இறுகுற திரவத்தில், பதிக்கணும். எப்படி அக்கா?

மாலை கழுத்திலிருந்து இறங்கிய அன்றைக்கே தொடங்குங்கள். முழு மாலை வேண்டாம், கசங்காத பத்துப் பூ போதும். ஜிகினா, நார் எல்லாவற்றையும் கத்தரித்துவிட்டு, ஒரு மணி நேரம் ஃபேன் காற்றில் ஆறவிடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லை (ஈரம் உறிஞ்சும் பொடி) இரண்டு விரற்கடை பரப்பிப் பூவை நிமிர்த்தி வையுங்கள். ஸ்பூனால் இதழ் இடுக்கில் கொஞ்சங்கொஞ்சமாகத் தூவிப் பூவை மூடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் இதழ் மடங்கி அப்படியே காய்ந்துவிடும். நைஸான ஜெல்தான் வேண்டும். மணிமணியாக இருப்பது இதழில் குழி போடும். ரோஜாவுக்கு ஐந்து முதல் ஏழு நாள்.

வெளி இதழ் சரசரத்தாலும் நம்பாதீர்கள். இதழும் காம்பும் சேரும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் இன்னும் இரண்டு நாள். அந்த ஈரத்தோடு ரெசின் ஊற்றினால் உள்ளேயே பூ பழுப்பாகும், சுற்றிலும் குமிழி நிற்கும். ஒரு தடவைக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஊற்றாதீர்கள். சூடேறி விரிசல் விடும். சிவப்பு ரோஜா கருஞ்சிவப்பாகும், அது இயல்பு.

குடியாத்தம்: மல்லி வெள்ளையாகவே நிற்குமா?

நிற்காது. காயும்போதே பழுப்பேறும். வெள்ளைதான் வேண்டுமென்றால் நெட்டித் தக்கையில் செய்த மொட்டு வாங்குங்கள். வாடாமல்லி, கோழிக்கொண்டை நிறம் நன்றாக நிற்கும்.

வாலாஜா: பாலாற்று மணலிலேயே காயுமே, ஜெல்லுக்கு எதற்குக் காசு?

ஆரணி: மணல் கனத்தில் இதழ் நசுங்கிடும், வேண்டாம்.

வாலாஜா: நசுங்கலை. பூஞ்சணம்தான் பிடிச்சுது. ஐப்பசியில், இறுக்கமா மூடி வச்சேன்.

மூடியதுதான் தப்பு. ஜெல் ஈரத்தை உறிஞ்சும். மணல் பூவின் வடிவத்தைத் தாங்குமே தவிர உறிஞ்சாது. அதனால் ஜெல்லுக்கு மூடி, மணலுக்குத் திறந்த டப்பா. நன்றாகக் கழுவிக் காயவைத்துச் சலித்த பொடிமணல் என்றால் ஆரணிக்காரர் பயப்படும் அளவுக்கு நசுங்காது. சித்திரை, வைகாசி வெயிலில் இரண்டு மூன்று வாரத்தில் காயும். மழைக்காலத்தில் ஜெல்தான்.

ஆம்பூர்: மாலையை ஃப்ரிட்ஜில் வைத்தால்?

ஓரிரு நாள் வாடாது. காயாது.

ராணிப்பேட்டை: பத்து நாளாக பூஜையறையில் தொங்குது. நேரா ரெசின் ஊற்றலாமா?

காட்பாடிக்குச் சொன்னதுதான். காம்படியைத் தொட்டுப் பார்க்காமல் ஊற்றாதீர்கள்.

ஆற்காடு: ரெசின் ஊற்றும்போது கொஞ்சம் ஈரம் இருந்தா பரவாயில்லையா?

கூடாது. மேலே காட்பாடிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருப்பத்தூர்: நீல நிற ஜெல்தான் கிடைக்குது.

அந்த நீலம் கோபால்ட் குளோரைடு, நச்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம். வெள்ளை ஜெல் கேட்டு வாங்குங்கள்.