அமெரிக்க உள்நாட்டுப் போரில் பலசாலியான வடக்கு முதல் பெரிய சண்டையிலேயே தோற்றது எப்படி?

கேட்டவரின் குழப்பம் நியாயமானதுதான். வடக்கு மாநிலங்களில் சுமார் 2.2 கோடி மக்கள். தெற்கில் 90 லட்சம், அதிலும் ஏறக்குறைய 35 லட்சம் பேர் அடிமைகள். தொழிற்சாலை, கப்பல், பணம் எல்லாம் வடக்கில்தான். அப்படியிருந்தும் 1861 ஜூலை 21 அன்று வடக்கின் படை துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடியது.

நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை. சென்னையில் ரயில்வே செக்‌ஷன் கண்ட்ரோலராக இருந்து ரிட்டயர் ஆனவன். அதனால் இந்தச் சண்டை என் கண்ணுக்கு எந்த வண்டி எந்த நேரத்தில் எங்கே என்று கோடு போட்டுக் காட்டும் ஒரு கண்ட்ரோல் சார்ட்டாகத்தான் தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சண்டை நடந்த இடம் மனாசஸ் ஜங்ஷன். வாஷிங்டனிலிருந்து, சென்ட்ரலுக்கும் திருவள்ளூருக்கும் உள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு லைன் தலைநகர் பக்கமிருந்து தென்மேற்கே போகிறது. இன்னொன்று அங்கே பிரிந்து மேற்கே ஷெனாண்டோவா பள்ளத்தாக்குக்குப் போகிறது. தெற்கின் தளபதி போரகார்ட் சுமார் 20,000 பேரோடு ஜங்ஷனில் உட்கார்ந்திருந்தார். பள்ளத்தாக்கில் ஜோசப் ஜான்ஸ்டனிடம் இன்னும் 11,000 பேருக்கு மேல். வடக்கின் தளபதி மெக்டவல் 35,000 பேரோடு மனாசஸை அடிப்பது, அதுவரை பேட்டர்சன் என்ற முதியவர் தம் படையோடு ஜான்ஸ்டனைப் பள்ளத்தாக்கிலேயே கட்டிப்போட்டு வைப்பது. திட்டம் இவ்வளவுதான், அதில் ஒரு தவறும் இல்லை.

மெக்டவலுக்கு இந்த அவசரமே பிடிக்கவில்லை. ஆட்களுக்குப் பயிற்சி போதாது, அவகாசம் வேண்டும் என்றார். ஆனால் ஏப்ரலில் வடக்கின் சம்டர் கோட்டை தெற்கிடம் விழுந்ததும் அதிபர் லிங்கன் கூப்பிட்ட 75,000 தொண்டர்களும் 90 நாள் கணக்கில் சேர்ந்தவர்கள். ஜூலையில் கெடு முடிகிறது. பத்திரிகைகள் வேறு, தெற்கின் தலைநகரைப் பிடிக்கச் சொல்லி ‘ரிச்மண்டுக்கு நட’ என்று தினமும் கத்திக்கொண்டிருந்தன. ‘நம் ஆட்கள் புதுசுதான், அவர்கள் ஆட்களும் புதுசுதானே’ என்கிற மாதிரி லிங்கன் சொல்லிவிட்டார். சண்டை நடந்த அன்று காலையிலேயே ஒரு பென்சில்வேனியா ரெஜிமென்ட் ‘எங்கள் 90 நாள் முடிந்தது’ என்று வீட்டைப் பார்த்து நடையைக் கட்டியது. ஷிஃப்ட் முடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் பீரங்கிச் சத்தம் கேட்கும்போது போனவர்கள் இவர்கள்தான்.

சரி, சார்ட்டுக்கு வருவோம். மெக்டவல் 16-ஆம் தேதி புறப்பட்டார். 18-ஆம் தேதி கிட்டத்தில் வந்துவிட்டார். அப்புறம் இரண்டு நாள் வழி பார்ப்பதிலும் சாப்பாடு வந்து சேருவதிலும் போனது. அதே 18-ஆம் தேதி ஜான்ஸ்டன் பேட்டர்சனுக்குத் தெரியாமல் நழுவி, மலையைத் தாண்டி பீட்மண்ட் என்ற சின்ன ஸ்டேஷனை நோக்கி நடந்தார். அங்கிருந்து மனாசஸ் சுமார் 55 கிலோமீட்டர். சிங்கிள் லைன், கையில் கொஞ்சம் இன்ஜின்தான்.

நான் கண்ட்ரோலில் சேர்ந்த புதிதில், பென்சிலும் ஸ்கேலுமாக சார்ட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, வரிசையாக நாலு ஸ்பெஷல் வண்டியை ஒரே திசையில் போட்டுவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தேன். பக்கத்தில் இருந்த சீனியர் எட்டிப் பார்த்தார். “ஏன் தம்பி, வண்டி போனா மட்டும் போதுமா? இன்ஜின் திரும்பி வரணும்ல?” என்றார். பீட்மண்டில் நடந்தது அதேதான். ஆட்களை இறக்கிவிட்டுக் காலி ரேக், அதாவது பெட்டி வரிசை, திரும்பி வந்தால்தான் அடுத்த பிரிகேட் (பல ரெஜிமென்ட் சேர்ந்த படைப்பிரிவு) ஏற முடியும். குதிரைப்படையையும் பீரங்கிகளையும் சாலை வழியாக அனுப்பினார்கள். அப்படியும் ஜான்ஸ்டனின் படை முழுசாக வந்து சேரவில்லை. வந்தவரைக்கும் போதுமானதாக இருந்தது. மெக்டவல் அந்த இரண்டு நாளை மிச்சம் பிடித்திருந்தால் போரகார்ட் மட்டும்தான் எதிரே இருந்திருப்பார்.

சண்டையன்று காலையில் வடக்குதான் ஜெயித்துக்கொண்டிருந்தது. ஹென்றி வீட்டுக் குன்றில்தான் எல்லாம் திரும்பியது. அந்த வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஜூடித் ஹென்றி என்ற விதவை படுத்த படுக்கையாக இருந்தார், குண்டு விழுந்து இறந்தார். தெற்கின் ஜாக்சன் என்ற தளபதிக்குக் ‘கற்சுவர்’ என்று பெயர் வந்ததும் இங்கேதான். ரயிலில் வந்தவர்களில் அவருடைய பிரிகேடும் ஒன்று. சீருடையும் ஒழுங்கில்லை, இரண்டு பக்கத்திலும் நீலம், சாம்பல் இரண்டும் இருந்தன. நீலச் சட்டையில் வந்த தெற்கின் வர்ஜீனியாக்காரர்களை நம்ம ஆட்கள் என்று நினைத்து வடக்கின் பீரங்கிக்காரர்கள் சும்மா இருந்தார்கள். வந்தவர்கள் கிட்ட வந்து சுட்டு, பீரங்கிகளைப் பிடித்துக்கொண்டார்கள். சாயங்காலம் கடைசியாக இறங்கிய பிரிகேட் பக்கவாட்டில் வந்து விழுந்ததும் வடக்கின் வரிசை கலைந்தது. வழியில் ஒரு பாலத்தில் வண்டி கவிழ்ந்து அடைத்துக்கொள்ள, வேடிக்கை பார்க்க வாஷிங்டனிலிருந்து சாப்பாட்டுக் கூடையோடு வந்திருந்த பெரிய மனிதர்களும் சிப்பாய்களோடு சேர்ந்து ஓடினார்கள். ஜெயித்தவர்களுக்கும் துரத்திப் போகத் தெம்பில்லை.

ஆக, வடக்கின் பலம் அன்றைக்கு அங்கே வந்து சேரவில்லை. தெற்கின் கொஞ்சப் பலம் ரயிலேறி வந்துவிட்டது. அதற்காகத் தெற்கின் ரயில்வே ஒழுங்காக இருந்தது என்று நினைக்க வேண்டாம். கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம், ஊருக்கு ஊர் வேறு. ரிச்மண்டுக்குள் வந்த லைன்களே ஒன்றோடொன்று சேரவில்லை, சரக்கை இறக்கி வண்டியில் ஏற்றி அடுத்த ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டும். எழும்பூரில் மீட்டர் கேஜ் இருந்த காலத்தில் பெட்டி படுக்கையோடு இறங்கி சென்ட்ரலுக்கு ஆட்டோ தேடியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இன்னொன்று. வடக்கின் வயதான ஜெனரல் ஸ்காட் ஆரம்பத்திலேயே வேறு யோசனை சொன்னார்: கடற்கரையை அடைத்துவிடு, மிசிசிப்பி ஆற்றைப் பிடி, தெற்கை மெல்ல நெருக்கு. ‘மலைப்பாம்புத் திட்டம்’ என்று கேலி செய்தார்கள். அடுத்த வருஷம் மேற்கே அதுதான் வேலை செய்தது. 1862 பிப்ரவரியில் வடக்கின் தளபதி கிரான்ட், ஆற்றோரமாக இருந்த தெற்கின் ஹென்றி, டோனல்சன் கோட்டைகளைப் பத்தே நாளில் பிடித்தார். ஆறு திறந்ததும் தெற்கின் நாஷ்வில் நகரம் சண்டையில்லாமலே விழுந்தது. ஏப்ரலில் ஷைலோவில் இரண்டு நாளில் இருபக்கமும் சேர்த்து சுமார் 24,000 பேர் செத்தோ, காயம்பட்டோ, பிடிபட்டோ போனார்கள். அதுவும் ஒரு ஜங்ஷனுக்காகத்தான். அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் கொரிந்த், தெற்கின் இரண்டு முக்கிய லைன்கள் குறுக்கே வெட்டும் இடம்.

அந்த 35 கிலோமீட்டரைக் கடக்க வடக்கின் ஹாலெக், லட்சம் பேருக்கு மேல் வைத்துக்கொண்டு, ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். தினமும் கொஞ்சம் நடப்பது, பள்ளம் தோண்டிப் படுப்பது. கொரிந்தில் இருந்தவர் அதே போரகார்ட். ஊரைக் காக்க முடியாது என்று தெரிந்ததும், மே 29 ராத்திரி ஆட்களையும் சாமான்களையும் ரயிலேற்றிக் கிளப்பினார். காலி ரயில் உள்ளே வரும்போதெல்லாம் விசில் ஊதச் சொல்லி, சிப்பாய்களை ஆரவாரம் செய்ய வைத்தார். புதுப் படை வந்து இறங்குகிறது என்று ஹாலெக்கின் ஆட்கள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விடிந்து போய்ப் பார்த்தால் ஊரில் ஆளில்லை.