ஒலிப்பது உங்கள் எண், எடுப்பது உங்கள் அம்மா

கேள்வி: எனக்கு வயது 36. வங்கியில் 4 லட்சம் ரூபாய் தனிநபர் கடன் வாங்கியிருந்தேன். வேலை போய் ஐந்து மாதம் வருமானம் இல்லாமல் இருந்ததில் கடைசி மூன்று தவணைகளைக் கட்ட முடியவில்லை. இப்போது குறைந்த சம்பளத்தில் வேறு வேலை கிடைத்திருக்கிறது. வசூல் ஏஜென்ட்கள் நாளொன்றுக்கு இருபது முறை அழைக்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்கும் அழைப்பு வருகிறது. என் மைத்துனருக்கும் போன் செய்து கடனைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். தொல்லை தாங்காமல் புது எண் வாங்கிவிட்டேன். ஓடிபி வரவேண்டும் என்பதால் பழைய சிம்மை அம்மாவின் போனில் இரண்டாவது சிம்மாகப் போட்டு, யார் கேட்டாலும் நான் வெளியூர் போயிருப்பதாகச் சொல்லும்படி சொல்லியிருக்கிறேன். இந்த அழைப்புகளைச் சட்டப்படி நிறுத்த என்ன வழி? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: நாளொன்றுக்கு இருபது அழைப்பு என்கிறீர்கள். அந்த இருபதையும் எண்ணியது யார்? நீங்களாக இருக்க முடியாது. உங்களிடம் புது எண் இருக்கிறது, அது ஒலிப்பதே இல்லை. இருபது முறையும் போனை எடுத்து, முன்பின் தெரியாத ஒருவர் தன் மகனைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு, நீங்கள் சொல்லிக்கொடுத்த பொய்யை ஒப்பித்து, மாலையில் உங்களிடம் கணக்குச் சொன்னவர் உங்கள் அம்மா. அதை ஓடிபி வசதிக்கான ஓர் ஏற்பாடு போல ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

வேலை போனதற்கும் தவணை நின்றதற்கும் உங்களைக் குறை சொல்லமாட்டேன். அது யாருக்கும் நேரக்கூடியது. வாங்கிய கடனுக்கு வரும் கடுஞ்சொல்லைப் பெற்றவளின் காதுக்குத் திருப்பிவிட்டதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவர் அந்தக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவரும் இல்லை, ஜாமீன் நின்றவரும் இல்லை.

நீங்கள் சட்டத்தைக் கேட்டீர்கள், சொல்கிறேன். ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் நிலுவைக்காகக் கடனாளியை அழைக்கக் கூடாது. ஓயாமல் அழைக்கக் கூடாது. மிரட்டல் அழைப்பும் பெயர் சொல்லாத அழைப்பும் கூடாது. கடனாளியின் குடும்பத்தார், பரிந்துரைக்காகப் பெயர் கொடுக்கப்பட்டவர்கள், நண்பர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது. ஆகவே ஒன்பது மணி அழைப்பு விதிமீறல். நாளுக்கு இருபது என்பதும் விதிமீறல். மைத்துனரிடம் உங்கள் கடனைப் பற்றிப் பேசியது அப்பட்டமான விதிமீறல்.

ஆனால், காலை பதினொரு மணிக்கு உங்கள் அம்மா எடுக்கும் அழைப்பு? ஏஜென்ட் அழைப்பது வங்கியில் நீங்களே பதிந்துகொடுத்த எண்ணை. அது இப்போது யார் கையில் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? குடும்பத்தாரைத் தொந்தரவு செய்யாதே என்று விதி போட்டிருந்த வேலியை உள்ளேயிருந்து பிடுங்கியவர் நீங்கள். உங்கள் அம்மாவை இந்த வசூலுக்குள் இழுத்துவந்தது ஏஜென்ட் இல்லை.

இந்த அழைப்புகள் எப்படி வருகின்றன என்று தெரிந்துகொண்டால், உங்கள் தந்திரம் ஏன் பலிக்கவில்லை என்பதும் விளங்கும். பெரிய வசூல் மையங்களில் யாரும் உட்கார்ந்து எண்ணைத் தட்டிக்கொண்டிருப்பதில்லை. பட்டியலில் உள்ள எண்களைக் கணினியே வரிசையாக அழைத்து, எடுக்கப்பட்ட அழைப்பை மட்டும் ஏஜென்டின் காதுக்கு இணைக்கிறது. பேசி முடித்ததும் அவர் ஒரு குறிப்பைப் பதிகிறார்: எடுக்கவில்லை, வேறொருவர் எடுத்தார், இன்ன தேதியில் கட்டுவதாகச் சொன்னார். ‘அடுத்த வாரம் வந்துவிடுவான், வந்ததும் கட்டிவிடுவான்’ என்று ஒரு தாய் தன் பிள்ளைக்காக இறங்கிப் பேசினால், அதுவும் ஒரு வாக்குறுதியாக அங்கே ஏறிவிடும். அடுத்த வாரம் அதே வாக்குறுதியைச் சுட்டிக்காட்டி முன்னிலும் கடுமையாகப் பேசுவார்கள். ஆள் வெளியூரில், போன் வீட்டில் என்றால் ஆள் ஒளிகிறான் என்றுதான் அவர்கள் படிப்பார்கள்; பிறகு கடன் வாங்கும்போது கொடுத்த ரெஃபரன்ஸ் எண்களைத் தேடிப் போவார்கள். மைத்துனருக்குப் போன் போனது தவறு என்றாலும், அந்தத் தவறுக்கு வழி எங்கே திறந்தது என்று யோசியுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வங்கி அனுப்பும் நினைவூட்டல், நோட்டீஸ் பற்றிய குறுஞ்செய்தி எல்லாம் அந்தப் பழைய எண்ணுக்குத்தான் வந்துகொண்டிருக்கும். உங்கள் அம்மா அவற்றைப் படித்துச் சொல்வாரா? தவணை நின்றதற்காக மட்டும் போலீஸ் வந்து கைது செய்யாது. அப்படி மிரட்டினால் அது பொய். எனினும் கணக்கிலிருந்து தானாக எடுக்கப்படும் தவணை பணமில்லாமல் திரும்பினால், 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு அமைப்புகள் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, எழுத்துப்பூர்வ நோட்டீஸ் கொடுத்து வழக்குத் தொடர வங்கிக்கு இடமிருக்கிறது. நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் அந்தத் தொகையைக் கட்டிவிட்டால் வழக்குக்கு இடமில்லை. தபாலையும் குறுஞ்செய்தியையும் பார்க்காமல் இருப்பவருக்கு அந்த 15 நாள் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்றே தெரியாது.

நீங்கள் ஏதோ பாதுகாப்பு என்று நினைக்கும் அந்த ஓடிபியை எடுத்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் வங்கியின் பெயரைச் சொல்லும் குரல்களுக்குப் பயந்து பேசிப் பழகிவிட்ட ஒருவரிடம், ‘கடனை முடித்துவைக்கிறேன், போனில் வந்த ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கள்’ என்று ஒரு மோசடிக்காரன் கேட்டால், அவர் சொல்லிவிடமாட்டார் என்று உங்களால் உறுதி கூற முடியுமா? அப்படி ஏதும் நடந்தால் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதையாவது அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா?

ஆகவே முதல் வேலையாக, இன்றிரவே அந்த சிம்மை எடுத்து உங்கள் போனில் போடுங்கள். நாளைக் காலை எட்டு மணிக்குமேல் வரும் முதல் அழைப்பை நீங்கள் எடுங்கள். பேசுபவரின் பெயர், நிறுவனம், எந்த வங்கிக்காகப் பேசுகிறார் என்பவற்றைக் கேளுங்கள். வசூலை எந்த ஏஜென்சியிடம் ஒப்படைத்திருக்கிறது என்பதை வங்கி உங்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2008ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. ஏஜென்ட் பேசும் அழைப்புகளைப் பதிவுசெய்ய வேண்டும் என்பதும் அதே அறிவுறுத்தலில் உண்டு. ‘வங்கியிடம் எழுத்தில் பேசிக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிட்டு வையுங்கள். தேதியும் தொகையும் அவரிடம் சொல்லாதீர்கள். அவருடைய சொந்த எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கட்டுவதெல்லாம் உங்கள் கடன் கணக்கில்தான் சேரவேண்டும்.

அடுத்து, அன்றே வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். வேலை போனது, புது வேலை, புதுச் சம்பளம், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதை மறைக்காமல் எழுதி, தவணைக் காலத்தை நீட்டித் தொகையைக் குறைத்துத் தரும்படி கேளுங்கள். நிலுவை 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன் வகைக்குப் போய்விடும். மூன்று தவணை நின்றிருக்கும் உங்களுக்கு அந்த எல்லை மிக அருகில் இருக்கிறது, தாண்டிய பிறகு பேசுவது கடினம். பாதித் தொகையில் செட்டில்மென்ட் செய்யலாம் என்று யாராவது ஆசை காட்டக்கூடும். அது உங்கள் கடன் வரலாற்றில் முழுமையாகக் கட்டாத கடனாகவே நிற்கும். சம்பளம் வாங்கும் ஆள் நீங்கள். சிறுகச் சிறுகவாவது முழுவதையும் கட்டுங்கள். இது என் பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதே கடிதத்தில் விதிமீறல்களையும் நாள், நேரம், எண் குறிப்பிட்டு எழுதுங்கள். கடனாளியின் புகார் நிலுவையில் இருக்கும்போது, அதை முடிக்காமல் அவர் கணக்கை வசூல் ஏஜென்சிக்கு வங்கி அனுப்பக் கூடாது என்பதும் 2008 அறிவுறுத்தலில் இருக்கிறது. வீண் புகார் கொடுப்பதே ஒருவரின் வழக்கம் என்று வங்கி கருதும் நேர்வு மட்டுமே விலக்கு. 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

ஆனால் அந்தப் புகாரில் எழுத உங்களிடம் என்ன இருக்கிறது? சிம் கைமாறிய பிறகு வந்த எந்த அழைப்பையும் நீங்கள் கேட்கவில்லை. என்ன பேசினார்கள், எத்தனை மணிக்குப் பேசினார்கள், எந்தச் சொல்லைச் சொன்னார்கள் என்பதெல்லாம் உங்கள் அம்மாவின் நினைவிலும் அவருடைய போனின் அழைப்புப் பட்டியலிலும்தான் இருக்கின்றன. எனவே சிம்மைக் கழற்றும் முன் அந்தப் பட்டியலைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். கடன் எவ்வளவு, மீதி எவ்வளவு என்பதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் வெளியூர் போகவில்லை என்பது அவருக்குத் தெரியும், ஏன் அப்படிச் சொல்லச் சொன்னீர்கள் என்பதையும் உங்கள் வாயால் சொல்லுங்கள். பிறகு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவரெதிரே உட்கார்ந்து, முதல் அழைப்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். அவர் சொல்லத் தயங்கும் இடங்களும் வரும். அங்கே அவசரப்படுத்தாமல் காத்திருந்து, அவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.