அமெரிக்காவின் தலைசிறந்த இசையமைப்பாளர்கள் பட்டியல்களில் கறுப்பினத்தவர் ஏன் இவ்வளவு குறைவு? காரணம் தகுதியா, இனப் பாகுபாடா?

பாகுபாடுதான். ஆனால் பட்டியல் போடுகிறவர் மனதில் வெறுப்பு இருந்தால்தான் அது நடக்கும் என்றில்லை. மேற்கத்திய செவ்வியல் இசையைக் கேட்கத் தொடங்கிய புதிதில், எனக்குப் பிடித்த அமெரிக்கர்கள் என்று ஒரு நோட்டில் ஐந்து பெயர் எழுதி வைத்தேன்: கோப்லண்ட், ஐவ்ஸ், கெர்ஷ்வின், பார்பர், பெர்ன்ஸ்டைன். ஐவருமே வெள்ளையர். நான் யாரையும் ஒதுக்கவில்லை. எனக்குக் கேட்கக் கிடைத்தது அவ்வளவுதான்.

சரி, மற்றவர்களின் இசை ஏன் கிடைக்கவில்லை? ஃப்ளாரன்ஸ் பிரைஸின் கதையைப் பாருங்கள். 1933 ஜூனில் சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா என்ற பெரிய வாத்தியக் குழு அவருடைய முதல் சிம்பொனியை, அதாவது முழு ஆர்கெஸ்ட்ராவுக்காகப் பல பகுதிகளில் எழுதிய நீண்ட படைப்பை, வாசித்தது. ஒரு கறுப்பினப் பெண் எழுதிய சிம்பொனியை அமெரிக்காவின் பெரிய ஆர்கெஸ்ட்ரா ஒன்று வாசித்தது அதுவே முதல் முறை. அதன் பிறகு வாய்ப்புகள் குவிந்திருக்க வேண்டும். ஆனால் பத்து ஆண்டு கழித்தும் அவர் வாய்ப்புக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். 1943ல் பாஸ்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை நடத்திவந்த குசெவிட்ஸ்கிக்கு எழுதிய கடிதத்தை, தனக்கு இரண்டு தடைகள் உண்டு, ஒன்று தான் பெண் என்பது, இன்னொன்று தன் இனம் என்றே தொடங்குகிறார். தன் படைப்பை அதன் தகுதியை மட்டும் வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். பலன் இல்லை. 1953ல் இறந்துபோனார்.

2009ல் இல்லினாய் மாநிலத்தின் செயின்ட் ஆன் என்ற சிற்றூரில், அவர் கோடையில் தங்கிய வீடு பாழடைந்து கிடந்தது. அதைப் புதுப்பிக்க வந்தவர்கள் உள்ளே கட்டுக் கட்டாகக் கையெழுத்துப் பிரதிகளைக் கண்டார்கள். வயலினை முன்னிறுத்தி ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் இரண்டு கன்செர்ட்டோக்களும் நான்காம் சிம்பொனியும் அதில் இருந்தன. 1945ல் எழுதிய அந்தச் சிம்பொனி 2018ல்தான் மேடை ஏறியது. நல்ல இசையைக் காலம் சலித்தெடுத்துக் கொடுத்துவிடும் என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: சல்லடையில் போடாத தானியத்தைக் காலம் எப்படிச் சலிக்கும்?

அப்புறம், இசையமைப்பாளர் என்று யாரைச் சொல்கிறோம் என்பது. ஜாஸ் குழு ஒன்றை நடத்திய கறுப்பின இசையமைப்பாளர் டியூக் எலிங்டன் பெயரை எடுத்தாலே, 'அவர் ஜாஸ், அது வேறு கணக்கு' என்பார்கள். பிராட்வே என்ற நியூயார்க் நாடக அரங்குகளின் பாடல்களிலிருந்து வந்த கெர்ஷ்வினுக்கு மட்டும் அந்தக் கணக்கு பொருந்துவதில்லை. 1924ல் அவருடைய 'ராப்சடி இன் ப்ளூ' அரங்கேறியபோது அதை வாத்தியக் குழுவுக்கு ஏற்றபடி எழுதித் தந்தவர் ஃபெர்டி குரோஃபே. அதனால் கெர்ஷ்வினின் பெருமை குறையவில்லை, குறையவும் கூடாது. எலிங்டனோ தன் குழுவில் இருந்த ஒவ்வொருவரின் தொனியையும் மனதில் வைத்து எழுதினார். ஜானி ஹாட்ஜஸின் சாக்ஸஃபோனுக்கு எழுதியதை வேறொருவரிடம் கொடுத்தால் அது வேறு பாட்டாகிவிடும். இப்படி எழுதுவது கூடுதல் திறமை. அதையே அவருடைய குறையாகச் சொன்னார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றைச் சொல்லும் முக்கால் மணி நேரப் படைப்பை 1943ல் நியூயார்க்கின் புகழ்பெற்ற கார்னகி ஹால் அரங்கில் வாசித்தும் காட்டினார். விமர்சகர்கள் பலர் அதை ஏற்கவில்லை.

1963ல் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் நாட்டு இசையின் முகமாக எலிங்டனை அனுப்பி வைத்தது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கூட அந்தப் பயணத்தில்தான் வந்தார். இரண்டே ஆண்டில், 1965ல், அமெரிக்காவின் பெருமைக்குரிய புலிட்சர் இசைப் பரிசின் நடுவர்கள் மூவர் அவருடைய வாழ்நாள் பணிக்குச் சிறப்பு விருது தரப் பரிந்துரைத்தார்கள். பரிசை முடிவு செய்யும் புலிட்சர் வாரியம் மறுத்துவிட்டது. அந்த ஆண்டு இசைக்குப் பரிசே இல்லை. நடுவர்களில் இருவர் பதவி விலகினார்கள். விதி தன்மேல் கருணையோடு இருக்கிறது, இளம் வயதிலேயே தனக்குப் புகழ் வந்துவிடக் கூடாது என்று அது நினைக்கிறது என்றார் எலிங்டன். அப்போது அவருக்கு வயது 66. அந்தச் சிறப்பு விருது கடைசியில் 1999ல் வந்தது, அவர் இறந்து 25 ஆண்டு ஆன பிறகு. இசைக்கான புலிட்சர் 1943ல் தொடங்கியது. கறுப்பினத்தவர் ஒருவர் முதன்முதலாக அதை வென்றது 1996ல்; அவர் ஜார்ஜ் வாக்கர் என்ற இசையமைப்பாளர். இடைப்பட்ட 53 ஆண்டும் தகுதியான ஒருவர்கூட இல்லை என்று என்னால் நம்ப முடியாது.

இன்று கேட்டால் என் பட்டியலில் எலிங்டன்தான் முதலிடம், அடுத்து ஐவ்ஸ். இனத்துக்காக எலிங்டனுக்குக் கொடுத்த இடம் இல்லை இது. அவ்வளவு ஒலி நிறங்களை ஒரு சிறு குழுவிடமிருந்து வரவழைத்த வேறு அமெரிக்கரை நான் கேட்டதில்லை. பிரைஸை முதல் ஐந்தில் வைப்பதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அவருடைய இசை என்னிடம் வந்து சேர்ந்தே கொஞ்ச காலம்தான் ஆகிறது. நீங்கள் கேட்டுப் பார்ப்பதானால் முதல் சிம்பொனியின் மூன்றாம் பகுதியில் தொடங்குங்கள். அடிமைப்பட்டிருந்த மக்கள் கைதட்டியும் தொடையில் தட்டியும் காலால் தரையை உதைத்தும் ஆடிய ஜூபா என்ற நடனத்தை ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா ஆடுவது அதில் கேட்கும்.