கொயிலோவர் எடையைத் தாங்கும், அக்சிலைப் பிடிப்பது எது?

கேள்வி: அப்பாவின் பழைய டட்சன் 620 பிக்கப்பைத் திருத்தி எடுத்திருக்கிறேன். முன்பக்கத்தை டோர்ஷன் பாரில் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) இறக்கியாகிவிட்டது. பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங்குக்கும் (வளைந்த இரும்புப் பட்டை அடுக்கு) அக்சிலுக்கும் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் அச்சு) நடுவில் மூன்று அங்குல புளொக் வைத்திருக்கிறோம். வேகத்தடை ஒவ்வொன்றிலும் அக்சில் போய் சேஸியில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், அடிக்கிறது. கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் ஒரு சோடி கொயிலோவர் (அதிர்வை அடக்கும் ஷொக்கைச் சுற்றிக் கொயில் ஸ்பிரிங் வைத்தது) வாங்கி வைத்திருக்கிறேன். லீஃபைக் கழற்றிவிட்டு அதைப் பூட்டலாமா? அமெரிக்க பிக்கப் ஒன்றில் ஒரே நாளில் பூட்டி முடிக்கும் வீடியோ பார்த்தேன். கராஜ் பாஸும் "வெல்ட் பண்ணினால் சரி" என்கிறார். இடைக்கிடை சாமானும் ஏற்ற வேண்டும்.
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: பூட்டலாம், ஆனால் அந்த வீடியோவில் பார்த்த மாதிரி அல்ல. நீங்கள் பார்த்தது அனேகமாக செவ்ரொலே சி10 ஆக இருக்கும். 1960 தொடக்கம் 1972 வரை வந்த சி10களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்பக்கம் தொழிற்சாலையிலேயே கொயில் ஸ்பிரிங்தான். அக்சிலை முன்னும் பின்னும் போகாமல் பிடிக்க இரண்டு நீளமான ட்ரெய்லிங் ஆர்ம், பக்கவாட்டில் போகாமல் பிடிக்க ஒரு பனார்ட் ரொட். கொயிலையும் ஷொக்கையும் கழற்றினாலும் அந்த அக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால்தான் ஒரு நாளில் வேலை முடிகிறது. 1973இல் செவ்ரொலேயே பின்பக்கத்தை லீஃபுக்கு மாற்றிவிட்டது. அதற்குப் பிறகு வந்த சி10 வைத்திருப்பவருக்குக்கூட அந்த வீடியோ உதவாது.

உங்கள் 620இல் லீஃபைக் கழற்றினால் அக்சிலைப் பிடிக்க வேறு ஒன்றுமே இல்லை. எடையைத் தாங்குவது, அக்சிலை நீளவாக்கில் நிறுத்துவது, பக்கவாட்டில் நிறுத்துவது, அக்சிலரேட்டர் மிதிக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அக்சில் உருளப் பார்ப்பதைத் தடுப்பது எல்லாம் அந்த இரண்டு பட்டைகளின் வேலைதான். கொயிலோவர் இதில் முதலாவதை மட்டும் செய்யும், கூடவே ஷொக்கின் வேலையையும் பார்க்கும். மிச்சத்துக்கு லிங்க், அதாவது அக்சிலைச் சேஸியோடு இணைத்துப் பிடிக்கும் தண்டுகள், செய்து போட வேண்டும். லிங்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் "வெல்ட் பண்ணினால் சரி" என்கிற பாஸிடம் வண்டியை விடாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் அக்சில் சேஸியில் அடிப்பதற்கு லீஃப் காரணமல்ல. புளொக் வைத்தபோது அக்சிலுக்கு மேலே இருந்த இடைவெளி மூன்று அங்குலம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். கொயிலோவர் போட்டு அதே உயரத்தில் நிறுத்தினால் அதே இடத்தில் அடிக்கும். அக்சில் குழாய்க்கு நேரே சேஸியை அரைவட்டமாக வெட்டி, உள்ளே தடித்த தகடு வைத்துப் பலப்படுத்தும் சி-நொட்ச் வேலை எப்படியும் தேவை. எவ்வளவு வெட்டுவது? சக்கரம் மேலே ஏற 90 மில்லிமீற்றர் வேண்டும், அக்சில் சேஸியில் அடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டொப் ரப்பர் நசுங்கியபின் 20 மில்லிமீற்றர் என்று வைத்தால், வண்டி நிற்கும் நிலையில் குழாய்க்கு மேல் 110 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். பலப்படுத்தும் தகட்டின் ஓரத்தைச் சேஸிக்குக் குறுக்காக நேர்கோட்டில் வெல்ட் செய்யக்கூடாது. சரிவாக வெட்டிய ஓரமாக இருக்கட்டும். நேர்கோட்டு வெல்டின் ஓரத்தில்தான் பிறகு வெடிப்பு வரும்.

இப்போது வாங்கி வைத்ததை எடுத்துப் பாருங்கள். பஞ்சிகாவத்தைக்கு வரும் கொயிலோவர்களில் பெரும்பகுதி ஜப்பான் கார்களின் முன்பக்கத்திலிருந்து கழற்றியவை. கீழே சக்கர நக்கிளைப் பிடிக்கும் இரண்டு துளை பிராக்கெட், மேலே வட்டத் தட்டில் மூன்று போல்ட் இருந்தால் அது மக்பர்சன் ஸ்ட்ரட். உங்கள் வேலைக்கு உதவாது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு முனையிலும் போல்ட் நுழையும் கண் உள்ள ஷொக்தான் வேண்டும். அடுத்து ஸ்பிரிங்கில் அச்சடித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். 200-65-8 என்று இருந்தால் நீளம் 200 மில்லிமீற்றர், உள்விட்டம் 65 மில்லிமீற்றர், ஒரு மில்லிமீற்றர் நசுங்க 8 கிலோ.

அந்த 8 உங்களுக்கு மிக அதிகம். கணக்குப் பாருங்கள். வெறும் வண்டியில் பின்சக்கரம் ஒன்றின் கீழ் 220 கிலோ காட்டுகிறது என்று வைப்போம். அக்சிலில் பாதி, சக்கரம், பிரேக் எல்லாம் 60 கிலோ. ஸ்பிரிங் தாங்குவது மிச்சம் 160. 8 கிலோ ஸ்பிரிங் அதற்கு 20 மில்லிமீற்றர்தான் நசுங்கும். பின்பக்கம் குதித்துக்கொண்டே போகும், பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து கிலுங்கும். 2.5 கிலோ ஸ்பிரிங் 64 மில்லிமீற்றர் நசுங்கும். 150 மில்லிமீற்றர் ஓட்டமுள்ள ஷொக்கில், கீழே இறங்க 60, மேலே ஏற 90 என்று பிரித்தால் இது பொருந்தி வருகிறது. பின்னால் 250 கிலோ சாமான் ஏற்றினால் பக்கத்துக்கு 125, அதாவது இன்னும் 50 மில்லிமீற்றர் இறங்கும். மேட்டுக்கு மிஞ்சுவது 40 மட்டும். இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் வண்டியை எடைபோட்டு உங்கள் எண்ணைப் போடுங்கள்.

அந்த 40 மில்லிமீற்றரைப் பார்த்தபின் நான் உங்களிடம் கேட்பது: உண்மையில் எவ்வளவு அடிக்கடி சாமான் ஏற்றுகிறீர்கள்? மாதத்துக்கு இரண்டு தடவை சீமெந்து மூட்டை ஏற்றுவதாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம் என்பேன். புளொக்கைக் கழற்றுங்கள், லொறி ஸ்பிரிங் வேலை செய்யும் இடத்தில் லீஃபின் வளைவைக் குறைத்து எடுங்கள், நீளம் குறைந்த ஷொக் போடுங்கள், சி-நொட்சையும் செய்யுங்கள். செலவு குறைவு, வண்டியும் தாழ்வாகத்தான் நிற்கும். லீஃபை வைத்துக்கொண்டே பழைய ஷொக் இருந்த இடத்தில் கொயிலோவரைப் பூட்டும் குறுக்குவழியையும் சிலர் சொல்வார்கள். பழைய ஷொக் பிராக்கெட் அதிர்வை அடக்கும் விசைக்காகச் செய்தது, வண்டியின் எடைக்காக அல்ல. ஒரு நாள் அது சேஸியிலிருந்து பிய்ந்து வரும்.

சாமான் குறைவு, ஓட்டம்தான் முக்கியம் என்றால் லிங்குக்கு வருவோம். நான் சொல்வது நான்கு லிங்கும் ஒரு பனார்ட் ரொட்டும். மேல் லிங்குகளைச் சாய்த்துப் போட்டு பனார்டைத் தவிர்க்கும் முறையும் உண்டு. ஆனால் 620இன் ஒடுக்கமான சேஸிக்குள் போதிய சாய்வு கிடைப்பது சிரமம். கீழ் லிங்குகள் இடம் இருக்கும் அளவுக்கு நீளமாகவும், வண்டி நிற்கும்போது தரைக்குச் சமாந்தரமாகவும் இருக்கட்டும். பனார்டும் அப்படியே: ஒரு முனை சேஸியின் ஒரு பக்கம், மறுமுனை அக்சிலின் எதிர்ப்பக்கம். அக்சில் 75 மில்லிமீற்றர் ஏறும்போது 800 மில்லிமீற்றர் ரொட் அதைப் பக்கவாட்டில் மூன்றரை மில்லிமீற்றர் இழுக்கும். 400 மில்லிமீற்றர் ரொட் ஏழு இழுக்கும். நீளம் ஏன் வேண்டும் என்பது இதில் தெரியும். முனைகளுக்கு ரப்பர் அல்லது பொலியூரித்தேன் புஷ் (போல்ட்டைச் சுற்றி இருக்கும் மென்மையான உறை) போடுங்கள். பந்தயக் கார்களில் இருக்கும் உலோக பந்து மூட்டுகள் பார்க்க அழகு, ஆனால் மரைன் டிரைவின் உப்புக் காற்றில் சீக்கிரமே துருப்பிடித்து டக் டக் என்று சத்தம் போடத் தொடங்கும்.

கொயிலோவரின் மேல்முனைக்கு இரண்டு சேஸி ரெயிலையும் இணைக்கும் தடித்த குறுக்குக் குழாய் ஒன்று தேவை. பின்பக்க எடை முழுவதும் இனி அதில்தான், குழியில் விழும்போது அதன் பல மடங்கும். போல்ட்டை ஒரு பக்கத் தகட்டில் மட்டும் தொங்கவிடாதீர்கள். இரு பக்கமும் தகடு இருந்து நடுவில் கண் உட்கார வேண்டும். கொயிலோவரை உள்நோக்கிச் சாய்ப்பது வழக்கம்தான், ஆனால் 20 பாகைக்கு மேல் போகாதீர்கள். 15 பாகையில் ஸ்பிரிங்கின் வலு 7 சதவீதம் குறையும், 30 பாகையில் கால்வாசி போய்விடும், 45 பாகையில் பாதிதான் மிஞ்சும். வடிவாக இருக்கிறது என்று படுக்க வைத்தவர்களின் வண்டிகள் வளைவில் தொங்கிக்கொண்டு போவது இதனால்தான்.

வேலை தொடங்கும்போது பின்னால் சாமான் ஏற்றும் பெட்டியையும் பெற்றோல் தாங்கியையும் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள், பற்றரி வயரையும் கழற்றுங்கள். சேஸியைச் சமதரையில் ஸ்டாண்டில் ஏற்றி, அக்சிலை நீங்கள் விரும்பும் உயரத்தில் நிறுத்தி, கொயிலோவருக்குப் பதிலாக அதே நீளத்துக்கு வெட்டிய இரும்புப் பட்டையைப் பூட்டி எல்லாவற்றையும் பொட்டு வெல்டில் பிடியுங்கள். கியர்பெட்டியிலிருந்து அக்சிலுக்குப் போகும் புரொப் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் யூ-ஜொயின்ட் (கோணத்தில் சுழல விடும் மூட்டு) கோணம் ஏறத்தாழ ஒன்றாகவும் மூன்று பாகைக்கு உள்ளாகவும் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் 60 கிலோமீற்றர் வேகத்திலேயே இருக்கை நடுங்கும். பிறகு பட்டையைக் கழற்றி, ஜக்கால் அக்சிலை முழுதாக இறக்கியும் ஏற்றியும் பாருங்கள். ஒரு பக்கத்தை மட்டும் ஏற்றியும் பாருங்கள். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, கைப்பிரேக் கேபிள் இறுகுகிறதா, சைலன்சர் குழாயில் பனார்ட் தட்டுகிறதா, டயர் பெட்டியின் உள்விளிம்பைத் தொடுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். இதற்குப் பிறகுதான் முழு வெல்ட்.

சேஸி இலக்கம் எங்கே பொறித்திருக்கிறது என்று முதலிலேயே தேடி, அதன் அருகே கிரைண்டரைக் கொண்டு போகாதீர்கள். வெட்டுவதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் நாரஹேன்பிட்டி அலுவலகத்தில் இந்த மாற்றத்துக்கு அனுமதி பற்றிக் கேளுங்கள், காப்புறுதிக் கம்பனிக்கும் எழுதிப் போடுங்கள். விபத்துக்குப் பிறகு மதிப்பீட்டாளர் வந்து கேட்கும்போது காட்ட ஒரு கடிதம் கையில் இருக்க வேண்டும்.

ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போது. ஸ்டாண்டில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே இருந்து சில மாதங்களில் கிழியும். ஷொக்கின் அடக்கத்தை மிக மென்மையான நிலையில் தொடங்கி, வாகன நெரிசல் இல்லாத வீதியின் வேகத்தடைகளில் ஓட்டிப் பார்த்து ஒவ்வொரு சொடுக்காகக் கூட்டுங்கள். முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஸ்பானர் வைத்துப் பாருங்கள், முதலில் பனார்டின் இரண்டு முனையையும்.