யோசனை தோன்றவில்லை என்பவர்களுக்கு: தொழில்முனைவோர் கேள்வி – பதில்

புதிய தொழில் யோசனைகளைக் கண்டடைவது, கண்டதை வளர்த்தெடுப்பது ஆகியவை பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றுள் பலருக்கும் பொதுவாக இருந்த ஆறு கேள்விகளுக்கு இங்கே விடையளித்திருக்கிறேன்.

கேள்வி: சொந்தமாகத் தொழில் தொடங்கும் ஆசை எனக்குப் பல ஆண்டுகளாக இருக்கிறது, ஓரளவு சேமிப்பும் உண்டு. ஆனால் புதிதாக எதுவும் தோன்றவில்லை. தோன்றுவதெல்லாம் ஏற்கெனவே யாரோ செய்துகொண்டிருப்பதாகவே இருக்கிறது. கற்பனை வளம் இல்லாதவர் தொழில்முனைவோர் ஆக முடியாதா?

முடியும். உங்கள் கேள்வியில் உள்ள 'தோன்றவில்லை' என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். யோசனை என்பது தானாக மனத்தில் உதிப்பது என்று நம்புவதால், அது உதிக்கும்வரை காத்திருக்கிறோம். உதிக்காதபோது குறை நம்மிடம்தான் என்று முடிவு செய்துவிடுகிறோம். நிலைத்து நின்ற பல புதுமைகளின் வரலாற்றைப் படித்துப் பார்த்தால், எல்லோரும் சகித்துக்கொண்டிருந்த ஒரு சிரமத்தை யாரோ ஒருவர் உற்றுக் கவனித்ததில்தான் அவை தொடங்கியிருக்கின்றன.

பயணப்பெட்டிக்குச் சக்கரம் வந்த கதையைப் பாருங்கள். சக்கரமும் பழையது, பெட்டியும் பழையது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை மக்கள் கனத்த பெட்டிகளைக் கையில் தூக்கிக்கொண்டுதான் நடந்தார்கள். 1970-இல், பயணப்பெட்டித் தொழிலில் இருந்த பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கர், குடும்பத்துடன் விடுமுறை முடிந்து திரும்புகையில் இரண்டு பெரிய பெட்டிகளோடு விமான நிலையத்தில் திணறிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு தொழிலாளி கனமான இயந்திரம் ஒன்றைச் சக்கரப் பலகையில் வைத்து எளிதாகத் தள்ளிச் செல்வதைக் கண்டார். 1972-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அவருடைய பெட்டி படுக்கைவாக்கில் வாரால் இழுக்கப்பட்டது. இன்று நாம் பயன்படுத்தும், நிமிர்ந்து நின்று நீளும் கைப்பிடி கொண்ட பெட்டியை 1987-இல் உருவாக்கியவர் ராபர்ட் பிளாத் என்ற விமானி. ஓயாமல் பெட்டியும் கையுமாக நடப்பதே வேலையாக இருந்த ஒருவருக்குத்தான் முந்தைய வடிவத்தின் குறை தெரிந்தது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

ஆகவே உங்களுக்கு ஒரு பயிற்சி. ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, 30 நாட்களுக்கு, நீங்கள் நன்கு அறிந்த துறையில் காணும் சிரமங்களை மட்டும் எழுதுங்கள். தீர்வு எதையும் எழுதாதீர்கள். சிரமம் யாருக்கு, எந்த வேலையின் நடுவில், எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பவற்றோடு, இப்போது அவர் அதை எப்படிச் சமாளிக்கிறார் என்பதையும் தவறாமல் குறியுங்கள். கம்பியால் கட்டிய கைப்பிடி, ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தினமும் கையால் மாற்றி எழுதப்படும் எண்கள், மறந்துவிடாமல் இருக்கச் சுவரில் ஒட்டிய தாள் ஆகியவற்றைப் போன்ற ஒட்டுவேலைகளைக் கண்டால் அங்கே நின்று நிதானமாகப் பாருங்கள். ஒருவர் தன் நேரத்தைச் செலவிட்டு ஒட்டுவேலை செய்கிறார் என்றால், அந்தச் சிக்கல் அவரை உண்மையிலேயே வருத்துகிறது என்று பொருள். எரிக் வான் ஹிப்பல் என்ற ஆய்வாளர், மற்றவர்களுக்கு முன்பே ஒரு தேவையை உணர்ந்து தாமே தீர்வு செய்துகொள்ளும் இத்தகைய பயனர்களைப் பற்றி 1986-இல் எழுதினார். புதிய பொருள்களைத் தேடும் நிறுவனங்கள் அவர்களிடமிருந்து தொடங்கலாம் என்பது அவருடைய வழிமுறை.

'ஏற்கெனவே யாரோ செய்கிறார்கள்' என்று எந்த யோசனையையும் அடித்துவிடாதீர்கள். ஒருவர் செய்துகொண்டிருப்பது, அதற்குப் பணம் கொடுக்க ஆள் இருக்கிறது என்பதற்கான சான்று. அவருடைய வாடிக்கையாளர்கள் எதைப் பற்றிக் குறைசொல்கிறார்கள் என்பதைக் கேட்டு எழுதுங்கள். உங்கள் குறிப்பேட்டின் பயனுள்ள பக்கங்கள் அங்கிருந்தே கிடைக்கக்கூடும்.

கேள்வி: எங்கள் சிறு நிறுவனத்தில் வாரந்தோறும் எட்டுப் பேர் கூடிப் புதிய யோசனைகளைப் பற்றிப் பேசுகிறோம். ஆனால் இரண்டு பேர் மட்டுமே பேசுகிறார்கள். மற்றவர்கள் நான் சொல்வதற்குத் தலையசைக்கிறார்கள். கூட்டத்தை எப்படி நடத்த வேண்டும்?

கூட்டத்தைத் தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவரையும் தனியாக எழுதச் சொல்லுங்கள். குழுவாகக் கூடி யோசனைகளைக் குவிக்கும் 'பிரெயின்ஸ்டார்மிங்' என்ற முறையைப் பரப்பிய விளம்பரத்துறையாளர் அலெக்ஸ் ஆஸ்பர்ன், விமர்சனத்தைத் தள்ளிவைத்து, எண்ணிக்கையைப் பெருக்கி, விசித்திரமானவற்றையும் வரவேற்று, ஒருவர் சொன்னதன்மேல் மற்றவர் கட்டிச் செல்ல வேண்டும் என்றார். விதிகள் நல்லவை. ஆனால் 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்றில், சேர்ந்து பேசிய குழுக்களைவிட, தனித்தனியே சிந்தித்த அதே எண்ணிக்கையினரின் யோசனைகளைத் தொகுத்தபோது கூடுதல் யோசனைகள் கிடைத்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் தம் எண்ணத்தை அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருக்கும்போது அது மறந்துபோகிறது, அல்லது சொல்லத் தகுந்ததல்ல என்று தோன்றிவிடுகிறது.

1968-இல் பெர்ண்ட் ரோர்பாக் என்ற ஜெர்மானியர் வகுத்த '6-3-5' முறை இதற்கு ஏற்றது. ஆறு பேர் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு தாளில் 5 நிமிடத்தில் 3 யோசனைகளை எழுதி, தாளை அடுத்தவரிடம் தர வேண்டும். அவர் முன்னவர் எழுதியதைப் படித்து, அதை வளர்த்தோ அதிலிருந்து விலகியோ மேலும் 3 எழுதுவார். ஆறு சுற்றுகளில், அதாவது அரை மணி நேரத்தில், 108 யோசனைகள் வரை சேரும். எட்டுப் பேர் இருப்பதால் நால்வர் நால்வராகப் பிரிந்துகொள்ளலாம். எழுதியவர் பெயர் தாளில் வேண்டாம். உரிமையாளராகிய நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். நீங்கள் முதலில் கருத்துச் சொன்னால் மற்றவர்கள் தலையசைப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போகிறது.

கேள்வி: 'ஸ்கேம்பர்' போன்ற பட்டியல்களால் பயன் உண்டா?

மாற்று, சேர், தகவமை, திருத்து, வேறு பயனுக்கு வை, நீக்கு, தலைகீழாக்கு என்று ஒரு பொருளைப் பற்றி ஏழு வகைக் கேள்விகளை எழுப்பச் சொல்லும் பட்டியல் அது. ஆஸ்பர்னின் கேள்விகளிலிருந்து 1971-இல் பாப் எபர்லி தொகுத்தார். தேங்கி நிற்கும் சிந்தனையை அசைக்க உதவும். கையில் ஒரு பொருளோ சிக்கலோ இல்லாமல் வெறுமனே பயன்படுத்தினால் பயன் குறைவு.

அந்த ஏழில் 'தகவமை' என்பதற்கே நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். உங்கள் சிக்கலை வேறொரு துறை ஏற்கெனவே தீர்த்திருக்கக்கூடும். ஃபோர்டு நிறுவனம் 1913-இல் நகரும் உற்பத்தி வரிசையை அமைத்தபோது, சிகாகோவின் இறைச்சிக்கூடங்களில் உடல்கள் தொங்கியபடி தொழிலாளர்களைக் கடந்து செல்லும் முறை அதற்கு ஒரு தூண்டுதலாக இருந்தது. ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்ட ஆன நேரம் சுமார் பன்னிரண்டரை மணியிலிருந்து 93 நிமிடமாகக் குறைந்தது. டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ, தேவையானதைத் தேவையானபோது மட்டும் கொண்டுவரும் தன் உற்பத்தி முறைக்கான எண்ணத்தை, எடுத்த இடத்தை மீண்டும் நிரப்பும் அமெரிக்க சூப்பர்மார்க்கெட் அலமாரிகளிலிருந்து பெற்றார். 'இதே சிக்கல் வேறு யாருக்கு இன்னும் கடுமையாக இருக்கிறது?' என்று கேட்டு, அவர்கள் வேலை செய்யும் இடத்திற்கே சென்று பாருங்கள்.

கேள்வி: என்னிடம் பதினைந்து யோசனைகள் இருக்கின்றன. நண்பர்களிடம் கேட்டால் எல்லாமே நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

நண்பர்களிடம் யோசனையைச் சொல்லிக் கருத்துக் கேட்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அவர்கள் உங்களை விரும்புவதால் நல்லது சொல்கிறார்கள். அதிலிருந்து வாங்குவார்களா என்பது தெரியாது. 'இப்படி ஒன்று வந்தால் வாங்குவீர்களா?' என்பது எதிர்காலத்தைப் பற்றிய கேள்வி. அதற்கு 'ஆம்' என்று சொல்வதில் யாருக்கும் செலவில்லை. கடந்த காலத்தைக் கேளுங்கள்: இந்தச் சிக்கல் கடைசியாக எப்போது வந்தது, அன்று என்ன செய்தீர்கள், எவ்வளவு நேரமும் பணமும் போயின, வேறு வழி தேடினீர்களா? தேடவே இல்லை என்று பத்துப் பேரில் எட்டுப் பேர் சொன்னால், அந்த யோசனையைப் பட்டியலின் அடியில் வையுங்கள். பதினைந்தும் இப்படியே மூன்று நான்காகச் சுருங்கிவிடும்.

மீந்தவற்றுள் ஒவ்வொன்றுக்கும், எந்த ஒரு அனுமானம் பொய்த்தால் முழுத் திட்டமும் விழுந்துவிடுமோ, அதைக் கண்டுபிடித்து அதையே முதலில் சோதியுங்கள். நாம் பெரும்பாலும் நமக்கு எளிதானதைத்தான் முதலில் செய்கிறோம்: பெயர் வைப்பது, இலச்சினை வரைவது, இணையதளம் அமைப்பது. இவற்றால் முன்னேறுவதுபோன்ற உணர்வு கிடைக்கிறதே தவிர, அறிய வேண்டியது அறியப்படாமலே நிற்கிறது. 1999-இல் நிக் ஸ்வின்மர்ன் இணையத்தில் காலணி விற்க நினைத்தபோது, 'அணிந்து பார்க்காமல் மக்கள் காலணி வாங்குவார்களா?' என்பதே அவருடைய அடிப்படை ஐயம். அவர் கிடங்கு கட்டவில்லை. கடைகளில் இருந்த காலணிகளைப் படமெடுத்து இணையத்தில் இட்டார். யாரேனும் கேட்டால் அந்தக் கடையில் முழு விலைக்கு வாங்கி அனுப்பினார். எந்த விற்பனையிலும் இலாபம் இல்லை. ஆனால் மக்கள் வாங்குவார்கள் என்பது தெரிந்துவிட்டது. அந்த முயற்சியே ஸாப்போஸ் நிறுவனம் ஆயிற்று. கோப்புகளை இணையத்தில் சேமித்துப் பகிர உதவும் டிராப்பாக்ஸைத் தொடங்கிய ட்ரூ ஹூஸ்டன், மென்பொருள் முழுமையடைவதற்கு முன்பே அது எப்படி இயங்கும் என்று காட்டும் சில நிமிடக் காணொளியை வெளியிட்டார். காத்திருப்போர் பட்டியல் ஒரே இரவில் 5,000-லிருந்து 75,000 ஆயிற்று.

ஒரு பொருளைத் தேர்ந்த பிறகு அதை வளர்க்கும் வேலை வருகிறது. அங்கே பதிவேடுதான் உங்கள் முதல் துணை. ஜேம்ஸ் டைசன் பையில்லாத தூசு உறிஞ்சியைச் செய்து முடிக்க 5,127 முன்மாதிரிகளைச் செய்தார். இதை விடாமுயற்சிக்கான எடுத்துக்காட்டாகவே பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அவர் ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றினார் என்பது. ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால், பயன் தந்தது எது, கெடுத்தது எது என்று பிறகு சொல்ல இயலாது. என்ன மாற்றினேன், என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது என்ற மூன்று வரிகளை ஒவ்வொரு சோதனைக்கும் எழுதி வையுங்கள். சோதிப்பதற்கு முன்பே இரண்டாவது வரியை எழுதிவிட வேண்டும். பின்னால் எழுதினால் நம் நினைவு நமக்குச் சாதகமாக மாறிக்கொள்ளும்.

கேள்வி: யோசனையை வெளியே சொன்னால் திருடிவிட மாட்டார்களா?

வெறும் யோசனைக்குச் சட்டப் பாதுகாப்பு பொதுவாக இல்லை. அதைச் செயல்படுத்தும் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறலாம். அது விண்ணப்பித்த நாளிலிருந்து பொதுவாக 20 ஆண்டுகள் செல்லும். விண்ணப்பிப்பதற்கு முன் நீங்களே பொதுவெளியில் வெளியிட்டுவிட்டால், பல நாடுகளில் 'புதுமை' என்ற தகுதியை அது இழக்கக்கூடும் என்பதை மறக்காதீர்கள். அப்படி ஏதேனும் இருந்தால் முதலில் காப்புரிமை வழக்கறிஞரைப் பாருங்கள். மற்றபடி, சிக்கலைப் பற்றி எவரிடமும் தாராளமாகப் பேசலாம். மேலே சொன்ன கேள்விகள் எவற்றிலும் உங்கள் தீர்வைச் சொல்லத் தேவையே இல்லை. பேசாமலே இருந்து, யாருக்கும் வேண்டாத பொருளைச் செய்து முடிப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாக ஒரு செயலியை நடத்துகிறேன். பலர் பதிவு செய்தார்கள், ஆனால் தொடர்ந்து பயன்படுத்துபவர்கள் பன்னிரண்டு பேர்தான். சேமிப்பு கரைகிறது. விட்டுவிடுவதா, தொடர்வதா?

மூன்று ஆண்டுகள் உழைத்த பிறகு இதைக் கேட்பது எவ்வளவு கடினம் என்பதை அறிவேன். இரண்டில் ஒன்றைத் தேர்வதற்கு முன், அந்தப் பன்னிரண்டு பேரைக் கவனியுங்கள். இன்ஸ்டகிராமைத் தொடங்கியவர்கள் முதலில் செய்தது, இருக்கும் இடத்தைப் பதிவது உள்ளிட்ட பல வசதிகள் நிறைந்த 'பர்பன்' என்ற செயலி. பயனர்கள் படம் பகிர்வதையே விரும்புகிறார்கள் என்று கண்டு, ஏறக்குறைய மற்ற அனைத்தையும் நீக்கி, 2010 அக்டோபரில் புதிதாக வெளியிட்டார்கள். 'கிளிட்ச்' என்ற இணைய விளையாட்டு 2012-இல் மூடப்பட்டபோது, அதை உருவாக்கிய குழுவினர் தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்துவைத்திருந்த கருவியைத்தான் பின்னர் அலுவலகக் குழுக்கள் செய்தி பரிமாறிக்கொள்ளும் 'ஸ்லாக்' ஆக்கினார்கள். இரண்டிலும் பழைய திட்டம் கைவிடப்பட்டது. அதனுள் உயிரோடிருந்த ஒரு பகுதி காப்பாற்றப்பட்டது.

உங்கள் செயலியில் அந்தப் பன்னிரண்டு பேரும் தொடும் பகுதி எது, தொடாத பகுதி எது என்று பாருங்கள். பிறகு ஒவ்வொருவரையும் நேரில் சந்தித்து, நாளை இது நின்றுபோனால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். வேறொன்றுக்கு மாறிக்கொள்வோம் என்பவர்களைவிட, 'அப்படிச் செய்துவிடாதீர்கள்' என்று பதறுபவர்களின் எண்ணிக்கை முக்கியம். அதற்குமுன் ஒரு தாளில் இன்றைய தேதியிட்டு, எத்தனை பேர் அவ்வாறு சொன்னால், அவர்களுள் எத்தனை பேர் கட்டணம் செலுத்த ஒப்புக்கொண்டால் இன்னும் 90 நாட்கள் தொடர்வேன் என்றும், இல்லையெனில் எந்த நாளில் நிறுத்துவேன் என்றும் எழுதி, உங்கள் சேமிப்பில் பங்குள்ள குடும்பத்தாரிடம் கொடுத்துவையுங்கள். சந்திப்புகள் முடிந்ததும் அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள். எந்தப் பகுதியை வைத்துக்கொள்ளலாம் என்பதை உங்களோடு சேர்ந்து பார்க்கிறேன்.