வேகமாக வாசித்தால் உணர்ச்சி போய்விடுமா?

கேள்வி: கர்நாடக இசையோ ராக் இசையோ, வித்தை காட்டுகிறவர்களின் வாசிப்பில் உணர்ச்சி இருக்காது என்கிறார்களே, உண்மையா?

நான் சேலம் அஸ்தம்பட்டியில் பிள்ளைகளுக்கு கிட்டார் சொல்லித் தருகிறேன். பெரியப்பா தவில்காரர். அதனால் இந்தச் சண்டையை இரண்டு பக்கமும் கேட்டே வளர்ந்தவன்.

வித்தை என்றதும் எல்லாருக்கும் வேகம்தான் ஞாபகம் வருகிறது. கோளாறே அங்கேதான். ஏற்காட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் லீவுக்குக் கீழே வந்தால் சிலர் என்னிடம் வகுப்புக்கு வருவார்கள். கிரேடு பரீட்சை எழுதியவர்கள். ஸ்கேல் எல்லாம், தாளம் தட்டும் கருவியான மெட்ரோநோமோடு கடகடவென்று ஓடும். அவர்களிடம், "கிட்டார் கழுத்தின் பதினைந்தாவது கட்டத்தில் தந்தியை மேலே தள்ளி, பதினேழாவது கட்டத்துச் சுரத்தில் கொண்டுபோய் நிறுத்து" என்பேன். பெரும்பாலும் நிற்காது. ஒரு மயிரிழை கீழேயே தங்கிவிடும். மோதிர விரல் மட்டும் தனியாகக் கிடந்து தள்ளும். பின்னால் இரண்டு விரல் முட்டுக் கொடுத்து மணிக்கட்டைத் திருப்பினால்தான் தந்தி ஏறும். ஏறிய இடத்தில் அதைப் பிடித்துவைத்து, நிதானமாக ஆட்டவும் வேண்டும். இது வித்தை இல்லையா? கண்ணுக்குத் தெரியாத வித்தை, அவ்வளவுதான்.

ப்ளூஸ் கிட்டார்காரர் பி.பி. கிங் ஒரே ஒரு சுரத்தில் ஆளை உருக்கிவிடுவார், அவருக்கு டெக்னிக் எதற்கு என்று பேசுவார்கள். சுரத்தை ஆட்டி எழுப்பும் அந்த அதிர்வு அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை. உறவுக்காரர் புக்கா வொயிட் ஸ்லைடு கிட்டாரில் (தந்தி மேல் குழாயை வழுக்கி வாசிப்பது) எழுப்பிய நாதம் தனக்கும் வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஸ்லைடு கைக்கு வரவில்லை. இடது கையை ஆட்டியே அந்த நாதத்தைப் பிடிக்கப் பார்த்து உண்டானதுதான் அவருடைய அதிர்வு.

நம் பக்கம் தோடி ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் காந்தாரம் என்ற சுரம் ஆடாமல் நேராக நின்றால் அது தோடியே இல்லை. கீழே ரிஷபத்தையும் மேலே மத்திமத்தையும் தொட்டு அசைந்தால்தான் ராகம் முகம் காட்டும். நாதஸ்வரத்தில் இதைச் செய்ய சாவிகள் கிடையாது. ஏழு துளை, ஊதுகிற சீவாளியைப் பிடிக்கிற உதடு, அடிவயிற்று மூச்சு, இவ்வளவுதான். டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1956இல் காலமானார். இன்றைக்கும் நாதஸ்வரத்தில் தோடி என்றால் அவர் பெயரைத்தான் சொல்கிறோம். அந்த அசைவில் கைத்திறன் எது, உணர்ச்சி எது என்று பிரித்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது.

வேகத்துக்கு வருவோம். கல்யாணத்தில் தவில் மிக வேகமாக, மிகச் சத்தமாக ஒலிப்பது எப்போது? கெட்டிமேளம். பெரியப்பா விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு, பேச்சை நிறுத்திவிட்டு, ஐயர் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். கை அசைந்ததும் வெளுத்து வாங்குவார். பெண்ணின் அம்மா கண்ணைத் துடைப்பதும் அந்த நேரத்தில்தான். இத்தனைக்கும் அதில் தாளக் கணக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. முந்தின நாள் இரவு வரவேற்பில் அவர் ஒரு கஷ்டமான கோர்வையை, அதாவது கணக்காகக் கோத்த அடிகளை, மூன்று முறை சுற்றி, தாளம் தொடங்கும் இடமான சமத்தில் கச்சிதமாக இறக்கியிருப்பார். பாதிக் கூட்டம் பந்தியில் இருந்திருக்கும், மீதிப் பேர் செல்ஃபியில்.

ஆகவே வேகம் உணர்ச்சிக்கு எதிரி இல்லை. எந்த இடத்தில், எதற்காக வருகிறது என்பதுதான் கேள்வி. மெதுவாக வாசித்தாலே ஆழம் என்பதும் பொய். கண்ணை மூடி, முகத்தைக் கோணிக்கொண்டு, சுருதி சேராத ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டிருப்பவர்களைக் கல்லூரி கல்ச்சுரல்ஸில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்கு வேகமாக வாசிக்கிற பையன் எவ்வளவோ தேவலை.

கஷ்டமே உணர்ச்சியின் பாகமாக இருப்பதும் உண்டு. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் சுமார் 1720இல் தனி வயலினுக்கு எழுதிய 'சகோன்' என்ற படைப்பு கால் மணி நேரம் ஓடும். நாலே தந்தியில் பல குரல்களை ஒன்றாக எழுப்ப வேண்டும். பின்னால் வந்த இசையமைப்பாளர் பிராம்ஸ் 1877இல் அதைப் பியானோவுக்கு மாற்றியபோது இடது கைக்கு மட்டும் எழுதினார். இரண்டு கையால் வாசித்தால் சுலபமாகிவிடும். ஒரு கையோடு மல்லுக்கட்டும்போதுதான் வயலின்காரரைப் போல உணர முடிகிறது என்று பியானோ கலைஞரான தோழி கிளாரா ஷூமனுக்குக் கடிதம் எழுதினார். நடுவில் சோகமான மைனர் ஸ்கேல் விலகி வெளிச்சமான மேஜர் ஸ்கேல் திறக்கிற இடம் வரும். அதுவரைக்கும் அந்தப் பாடுபட்டதால்தான் அந்த இடம் அப்படி ஒலிக்கிறது என்பது என் கட்சி.

ராக் கிட்டார்காரர் எட்டி வான் ஹேலனின் 'எரப்ஷன்' 1978இல் வந்தது. 1 நிமிடம் 42 விநாடி. பிற்பகுதியில் இரண்டு கை விரல்களும் கிட்டார் கட்டங்களின் மேலேயே தட்டித் தட்டி ஓடும். வெறும் சர்க்கஸ் என்று திட்டுபவர்கள் இன்றும் உண்டு. போனில் பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். "விரல் நல்லாத்தான்டா ஓடுது. தீர்மானமே வெக்காம போறானே, எங்க வந்து நிக்கிறான்?" என்றார்.

சரியான கேள்வி. தவிலில் முடித்துவைக்கும் அடிக்கோவைதான் தீர்மானம்; அது மூன்று முறை வந்து சமத்தில் விழும்போதுதான், அதுவரை ஓடிய வேகத்துக்கெல்லாம் அர்த்தம் கிடைக்கும். கேட்கிறவனும் மனதுக்குள் எண்ணிக்கொண்டே காத்திருப்பான். நான் காட்டியது இணையத்தில் வெட்டிப் போட்ட துண்டு. ஆல்பத்தில் 'எரப்ஷன்' முடிந்த கையோடு அடுத்த பாட்டு பிடித்துக்கொள்ளும். தாளக்கட்டு இல்லாமல் பறந்த கிட்டார் அதில்தான் தாளத்தோடு தரையிறங்குகிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டேன். டிரம்ஸ் விழுந்ததும் பெரியப்பா தொடையில் ஒரு தட்டு தட்டி, "ம், இப்ப சரி" என்றார். பாட்டு அவருக்குப் பிடிக்கவில்லை. ஓவர் சத்தமாம். தவில்காரர் சொல்கிறார்!